25 தட்டு, 25 தோட்டா: அமெரிக்க ட்ராப் மைதானத்தில் ஒரு சுற்றின் விலை ஏறிய கதை

ட்ராப் விளையாட்டில் ஒரு சுற்று என்றால் 25 தட்டு. தரையோடு தாழ்ந்திருக்கும் சின்ன அறையிலிருந்து, களிமண் தட்டு எனப்படும் சின்ன வட்டத் தட்டை இயந்திரம் வீசும். 16 கெஜம் பின்னால் நிற்பவர் அது பறக்கும்போதே ஷாட்கன்னால் உடைக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு தோட்டா. ஐந்து இடங்களில் மாறி மாறி நின்று ஐந்தைந்தாகச் சுட்டு முடித்தால் சுற்று முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகாது.

2019-ல் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 டாலர் ஆனது. சாதாரணத் தரத்தில் 25 தோட்டா கொண்ட பெட்டி 6 டாலர், கிளப்பில் தட்டுக்கான கட்டணம் 5 டாலர். இன்று அதே பெட்டி 10 டாலரைத் தொட்டு நிற்கிறது. தட்டுக் கட்டணம் பல கிளப்களில் 8 டாலர். ஆக 18. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு டாலர் கூடும், குறையும். ஆனால் போக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

விலைவாசி எல்லாவற்றுக்கும்தானே ஏறியது என்று சொல்லலாம். சரி, அதையும் கணக்கில் எடுப்போம். 2019-க்கும் 2025-க்கும் இடையில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி ஏறியது ஏறக்குறைய கால் பங்கு. அப்படிப் பார்த்தால் 11 டாலர் 14 டாலருக்குள் நின்றிருக்க வேண்டும். மீதி நாலு டாலர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. அந்த நாலு டாலர் யாரை மைதானத்திலிருந்து வெளியே தள்ளுகிறது என்பது எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி.

மற்ற விளையாட்டுகளிலிருந்து இது ஓர் இடத்தில் அடிப்படையாக வேறுபடுகிறது. கூடைப்பந்து வாங்கிவிட்டால் ஆயிரம் முறை எறிந்தாலும் அதே பந்துதான். ஓடுகிறவருக்கு ஒரு ஜோடி ஷூ பல மாதம் தாங்கும். ட்ராப்பில் ஒவ்வொரு முயற்சியும் ஒரு தோட்டாவையும் ஒரு தட்டையும் தின்றுவிடுகிறது. திறமை வருவதோ எண்ணிக்கையால்தான். வலது ஓரத்துக்குப் பறக்கும் தட்டுக்கு எவ்வளவு முன்னால் துப்பாக்கி முனை போக வேண்டும் என்பதைக் கண்ணும் தோளும் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான தட்டுகள் தேவை. எனவே தோட்டா விலை ஏறும்போது நேரடியாக ஏறுவது பயிற்சியின் விலை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் துப்பாக்கி விலையைக் கேட்டு மலைக்கிறார்கள். உண்மையில் துப்பாக்கி ஒருமுறைச் செலவு. நல்ல ஒற்றைக்குழல் ட்ராப் துப்பாக்கியைப் பத்து வருடம் சுட்டுவிட்டு விற்றால்கூடப் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். சுட்ட தோட்டாவுக்கு அப்படி எதுவும் வராது.

தோட்டாவைப் பிரித்தால்

12 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு) தோட்டா ஒன்றை எடுத்து, நட்சத்திரம்போல் மடித்திருக்கும் வாயைக் கத்தியால் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். முதலில் விழுவது ஈய ரவை. மிளகைவிடச் சிறிய உருண்டைகள், சாம்பல் நிறம், கையில் ஒட்டும் கிராஃபைட் மினுமினுப்பு. அமெரிக்க ட்ராப்பில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு ஒன்றே அரைக்கால் (1 1/8) அவுன்ஸ், கிராமில் ஏறக்குறைய 32. அதன் கீழே வாட் என்கிற பிளாஸ்டிக் கிண்ணம். ரவை குழலில் உரசாமல் காப்பதும், மருந்து எரியும் வாயு கசியாமல் அடைப்பதும் அதன் வேலை. அதற்கும் கீழே வெடிமருந்து, ஒரு சிட்டிகைச் செதில்கள். எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அடியில் உலோகத் தொப்பி, நடுவில் பிரைமர். சுத்தியல் முள் பட்டதும் தீப்பொறி தருவது அதுதான்.

ஐந்து பொருள்கள். ஐந்துக்கும் ஐந்து விதமான கதை. எல்லாமே 2020-க்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

எடையில் முக்கால்வாசி ஈயம் என்பதால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஈயத்தைத்தான். ஒரு காலத்தில் அது நியாயமான சந்தேகம். 2002-ல் லண்டன் உலோகச் சந்தையில் டன் 500 டாலர்கூட இல்லாமல் கிடந்த ஈயம், 2007 அக்டோபரில் கிட்டத்தட்ட 4,000 டாலருக்குப் போனது. பழைய ஆட்கள் இன்றும் அந்த வருடத்தைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டிலேயே தோட்டா அடைப்பவர்கள் வாங்கும் 25 பவுண்ட் ரவை மூட்டையின் விலை இரட்டிப்பையும் தாண்டியது அப்போதுதான். ஆனால் இந்த முறை நடந்தது வேறு. 2019-ல் டன் 2,000 டாலர் அளவில் இருந்த ஈயம் 2024-லும் ஏறக்குறைய அங்கேயேதான் இருந்தது. ஒரு பெட்டித் தோட்டாவில் 800 கிராம் ரவை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூல ஈயத்தின் மதிப்பு ஒன்றரை டாலர் சொச்சம். அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

குற்றவாளி ஈயத்தோடு கலக்கும் ஆன்டிமனி. சுத்த ஈயம் மென்மையானது. குழலில் அழுத்தம் ஏறும்போது உருண்டை சப்பையாகிவிடும், சப்பையானது நேராகப் பறக்காது. அதனால் மலிவுத் தோட்டாக்களில் 2, 3 சதவீதமும் போட்டித் தரத் தோட்டாக்களில் 5, 6 சதவீதமும் ஆன்டிமனி சேர்த்து இறுக்கமாக்குகிறார்கள். இந்த உலோகத்தை உலகத்துக்குக் கொடுப்பதில் சீனாவின் பங்கு மிகப் பெரியது. சூரிய மின்தகடுகளின் கண்ணாடி, தீத்தடுப்புப் பொருள்கள், ராணுவத் தளவாடம் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். 2024 ஆகஸ்டில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை அறிவித்து செப்டம்பர் 15 முதல் அமல்படுத்தியது. டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடை செய்தது. 2024 தொடக்கத்தில் டன் 12,000 டாலர் அளவில் இருந்த ஆன்டிமனி, 2025-ல் சர்வதேசச் சந்தையில் 50,000 டாலரைத் தாண்டியது.

இதைப் பெட்டிக் கணக்குக்குக் கொண்டுவருவோம். 800 கிராம் ரவையில் 6 சதவீதம் என்றால் 48 கிராம் ஆன்டிமனி. பழைய விலையில் அதற்கு 58 காசு. புதிய விலையில் 2 டாலர் 40 காசு. ஒரு போட்டித் தோட்டாப் பெட்டியில் இந்த ஒரு கலப்பு உலோகம் மட்டுமே ஒன்றே முக்கால் டாலருக்கு மேல் ஏற்றியிருக்கிறது. பிரைமர் கலவையிலும் ஆன்டிமனி சல்ஃபைடு சேர்கிறது, ஆனால் அளவு மிகச் சொற்பம். 2025 நவம்பரில் சீனா அமெரிக்காவுக்கான தடையை ஓராண்டுக்கு, 2026 நவம்பர் 27 வரை நிறுத்திவைத்தது. சந்தை இதை நம்பி முழுதாக மூச்சுவிடவில்லை. அமெரிக்காவுக்குச் சொந்தமாக இருப்பது ஐடஹோ மாநிலத்தின் ஸ்டிப்னைட் சுரங்கம். இரண்டாம் உலகப் போரில் நாட்டின் ஆன்டிமனித் தேவையைப் பெருமளவு தாங்கியது அதுதான். 2025 ஜனவரியில் அதை மறுபடி தோண்ட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. சுரங்கம் திறந்து உலோகம் வெளியே வர வருடங்கள் பிடிக்கும்.

மருந்து யாருக்கு முதலில்

அப்புறம் வெடிமருந்து. புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை நாரையோ மரக்கூழையோ நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது. அமெரிக்க ராணுவத்துக்கான நைட்ரோசெல்லுலோஸ் தயாராவது வர்ஜீனியாவின் ராட்ஃபோர்டு ராணுவ ஆலையில். விளையாட்டுத் தோட்டாவுக்கான மருந்துக்கும் பீரங்கிக் குண்டை வீசும் மருந்துக்கும் செய்முறை வேறு, கலவை வேறு. மூலப்பொருள் ஒன்று.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. 155 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றை முழு வீச்சில் சுட ஒவ்வொரு குண்டுக்கும் 10 கிலோவுக்கு மேல் உந்துமருந்து வேண்டும். ட்ராப் தோட்டா ஒன்றுக்கு 18 கிரெய்ன், அதாவது 1.17 கிராம். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பீரங்கி வேட்டுக்கு ஆகும் மருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ட்ராப் தோட்டாக்களுக்குச் சமம். ஒரு தீவிரமான கிளப் ஆட்டக்காரர் இரண்டு வருடத்தில் சுடுவது அது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பீரங்கிக் குண்டு உற்பத்தியைப் பல மடங்காக்க முனைந்தபோது வரிசையில் முதலில் நின்றது ராணுவம். இரண்டாவது, பெரிய தோட்டா ஆலைகள். கடைசியில், டப்பாவில் மருந்து வாங்கி வீட்டில் அடைப்பவர். 2024-ல் நைட்ரோசெல்லுலோஸ் தட்டுப்பாட்டால் டப்பா மருந்து விநியோகமே நிறுத்தப்பட்ட நிலையும் வந்தது. பல பத்தாண்டுகளாக ட்ராப் ஆட்டக்காரர்களின் கைப்பழக்கமான ரெட் டாட் போன்ற மருந்துகள் கடை அலமாரியில் காணாமல் போயின. 20 டாலருக்கு வாங்கிய பவுண்ட் மருந்து 40 டாலரை நெருங்கியது.

இந்த வரிசையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாடு தன் மண்ணைக் காக்கச் சுடும் குண்டுக்கு முன்னால் சனிக்கிழமை விளையாட்டு நிற்க முடியாது. ஆனால் விலை ஏறியதற்குக் காரணம் ஆட்டக்காரர்களின் பேராசையோ கிளப்காரர்களின் லாபமோ அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தக் கிளப்பிலும் கட்டண மேசையில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்தான் முதல் திட்டை வாங்குகிறார்.

பிரைமர் பஞ்சம் போருக்கு முந்தையது. 2020-ல் பெருந்தொற்று, கலவரம், தேர்தல் எல்லாம் ஒன்றாக வந்தன. துப்பாக்கி வாங்குவோருக்கான மத்தியப் பின்னணிச் சோதனைகள் 2019-ல் 2.84 கோடி, 2020-ல் 3.97 கோடி. புதிதாக வாங்கிய ஒவ்வொருவருக்கும் தோட்டா வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. ஆர்கன்ஸாவின் லோனோக்கில் இருந்த அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் 81.4 மில்லியன் டாலருக்கு வாங்கி மறுபடி ஓட்டத் தொடங்கும் வரை, தேவை உச்சத்தில் இருந்த நேரத்தில், நாட்டின் பெரிய ஆலைகளில் ஒன்று முடங்கிக் கிடந்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவில் கிடைக்கும் லாபம் ட்ராப் தோட்டாவில் கிடைக்காது. ஆலைக்காரர் பிரைமரை எங்கே திருப்புவார்? ஆயிரம் 30 டாலருக்கு வாங்கிய பிரைமர் 80 டாலர் வரை போனது. பிறகு கொஞ்சம் இறங்கியது. பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு வரி உண்டு. 1937-ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி தோட்டாவுக்கு 11 சதவீத மத்தியக் கலால். தயாரிப்பாளரின் விலைமேல் சதவீதமாக வருவதால் விலை ஏறினால் வரியும் ஏறும். இந்த வரியை நான் குறை சொல்வதில்லை. அந்தப் பணம் வனவிலங்குக்கும் சுடுதளங்களுக்கும்தான் போகிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுச் சுடுதளம் கட்டும் செலவில் 90 சதவீதம் வரை இந்த நிதியிலிருந்து மாநிலங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர் கட்டும் வரி ஆட்டக்காரரின் மைதானத்துக்கே திரும்பி வரும் ஏற்பாடு அபூர்வமானது.

ஆலைகள் கைமாறுகின்றன

இந்த வருடங்களில் யாரும் அதிகம் கவனிக்காத இன்னொன்றும் நடந்தது. ஃபெடரல், ரெமிங்டன், சிசிஐ ஆகிய பெயர்களில் தோட்டாவும் பிரைமரும் செய்யும் விஸ்டாவின் பிரிவை, 2024 நவம்பரில் 2.225 பில்லியன் டாலருக்குச் செக் நாட்டின் சிஎஸ்ஜி குழுமம் வாங்கியது. இத்தாலியத் தோட்டா நிறுவனமான ஃபியோக்கியில் பெரும்பங்கை அது 2022-லேயே வாங்கியிருந்தது. 2023 முடிவில் ட்ராப் துப்பாக்கிகளுக்குப் பேர்போன பெராட்ஸியிலும் பெரும்பங்கை வாங்கியது. இன்னொரு பக்கம், வின்செஸ்டர் தோட்டா செய்யும் ஓலின் நிறுவனம் 2023 அக்டோபரில் வொயிட் ஃப்ளையரை வாங்கியது. அமெரிக்க மைதானங்களில் பறக்கும் தட்டுகளில் பெரும் பகுதி வொயிட் ஃப்ளையருடையது. சுடும் தோட்டாவும் சுடப்படும் தட்டும் ஒரே வீட்டிலிருந்து வரத் தொடங்கிவிட்டன.

இதனால்தான் விலை ஏறியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் விற்பவர்கள் குறையக் குறைய விலை இறங்குவதற்கான காரணங்களும் குறையும். இறக்குமதியாவது போட்டி தரும் என்றிருந்தோம். இத்தாலிய, ஸ்பானியத் தோட்டாக்கள் நல்ல விலைக்கு வந்துகொண்டிருந்தன. 2025 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பியப் பொருள்கள்மேல் 15 சதவீத வரி வந்ததும் அந்த இடைவெளியும் சுருங்கியது.

தட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் களிமண் தட்டு. 1880-ல் சின்சினாட்டியின் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி காப்புரிமை வாங்கியது உண்மையான சுட்ட களிமண். இன்றைய தட்டு சுண்ணாம்புக்கல் பொடியும் தார்க்கீலும் சேர்ந்தது. விட்டம் 11 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை 100 கிராம் அளவு. ஒரு சுற்றுக்கு இரண்டரை கிலோ. பொருள் மலிவு, எடை அதிகம் என்பதால் லாரி வாடகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. டீசல் விலையும் ஓட்டுநர் கூலியும் ஏறியபோது ஆலைக்கு வெகு தூரத்தில் இருந்த கிளப்கள் அதிகம் அடி வாங்கின. இதோடு காப்பீடு, மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு. 5 டாலர் 8 டாலரானதில் எனக்குப் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை.

வீட்டில் அடைத்தால் மிச்சமா?

விலை ஏறியதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். மெக் கம்பெனியின் கைப்பிடி இயந்திரம் ஒன்றை வாங்கி, சுட்ட கூடுகளைப் பொறுக்கி, பழைய பிரைமரைத் தள்ளி, புதியதைப் பொருத்தி, மருந்து விட்டு, வாட் அழுத்தி, ரவை கொட்டி, வாயை மடித்தால் தோட்டா தயார். பழகிய கைக்கு ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம் போதும். சாயங்காலம் ரேடியோவை வைத்துவிட்டு நிலவறையில் உட்கார்ந்து அடைப்பதே தனி சுகம் என்பவர்களை எனக்குத் தெரியும்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 25 பவுண்ட் மூட்டையில் 400 அவுன்ஸ் ரவை. அமெரிக்க உச்ச அளவில் அடைத்தால் 355 தோட்டா. மூட்டை 58 டாலர் என்றால் ரவைக்கு மட்டும் 16 காசு. மருந்துக்கு 10 காசு, பிரைமருக்கு 8, வாட்டுக்கு 2 அல்லது 3. மொத்தம் 36, 37 காசு. பெட்டிக்கு 9 டாலர் சொச்சம். கடையில் 10. மிச்சம் ஒரு டாலர்கூட இல்லை. தன் உழைப்பை எண்ணாமல் போட்ட கணக்கு இது.

ரவையை முக்கால் அவுன்ஸுக்கு மேல், அதாவது ஒலிம்பிக் அளவான 24 கிராமுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் அதே மூட்டையில் 457 தோட்டா வரும். பெட்டிக்கு 90 காசு இறங்கும். 16 கெஜத்தில் நிற்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஒலிம்பிக் ட்ராப்பில் தட்டு இதைவிட வேகமாகப் போகிறது. உலகத்தின் முதல் தர வீரர்கள் 24 கிராமில்தான் உடைக்கிறார்கள். உதைப்பும் குறைவு, பிள்ளைகளின் தோளுக்கு நல்லது. இருந்தும் அமெரிக்க மைதானங்களில் 32 கிராம் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. திறமைக்கேற்பப் பின்னால் தள்ளி நிற்கவைக்கும் ஹேண்டிகேப் முறையில் 27 கெஜத்தில் ஆடுபவர் கேட்டால் புரிகிறது. 16 கெஜத்தில் பயிற்சிக்கு நிற்பவர் ஏன் கால் பங்கு ஈயத்தை வீணாக வானத்தில் இறைக்க வேண்டும்?

12 கேஜைவிடச் சிறிய குழலுக்கான .410 தோட்டாவின் விலையைப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். அதில் ஈயம் அரை அவுன்ஸ்தான், 12 கேஜில் பாதிகூட இல்லை. விலையோ 12 கேஜைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம், ஆலையில் அது கொஞ்சமாகத்தான் ஓடுகிறது. தோட்டா விலையில் பொருளின் எடையைவிட உற்பத்தியின் அளவு அதிகம் பேசும். தட்டு சுடும் இன்னொரு விளையாட்டான ஸ்கீட் ஆடுபவர்களில் பலர் .410-ஐயும் 28 கேஜையும் வீட்டிலேயே அடைப்பது இதனால்தான். அங்கே பாதிக்குப் பாதி மிச்சமாகிறது. ட்ராப்காரருக்கு அந்த வழி இல்லை.

யார் வெளியே போகிறார்கள்

மினசோட்டாவில் 2001-ல் ஒரு சின்னக் கிளப் முயற்சியாகத் தொடங்கிய பள்ளி ட்ராப் லீக், இன்று பல மாநிலங்களில் பல்லாயிரம் மாணவர்களைச் சேர்த்திருக்கிறது. கிளப்களின் சராசரி வயது ஏறிக்கொண்டே போன காலத்தில் இந்த விளையாட்டுக்கு உயிர் கொடுத்தது அந்தப் பிள்ளைகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். உயரம் வேண்டாம், வேகமான கால் வேண்டாம், பெண்ணும் பையனும் ஒரே வரிசையில் நிற்கலாம், மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் யாரும் உட்கார வேண்டாம்.

அங்கே நம்மவர்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். மகளைப் பள்ளி அணியில் சேர்த்த ஒரு தம்பி என்னிடம் சொன்னது: "ஃபீஸ் எவ்வளவுன்னு நல்லா விசாரிச்சேண்ணே, தோட்டா எவ்வளவு ஆகும்னு கேக்கவே தோணல." அவரைக் குறை சொல்ல முடியாது. லீக்கில் வாரம் 50 தட்டு, அதாவது இரண்டு சுற்று. பயிற்சி வாரத்தோடு சேர்த்து ஒரு பருவத்துக்கு 12 சுற்று என்று வைத்தாலே இன்றைய விலையில் 216 டாலர். இது வருகைப் பதிவுக்கான செலவு. பிள்ளைக்கு ஆர்வம் பிடித்து வாரம் நூறு தட்டு வீதம் 40 வாரம் சுட ஆசைப்பட்டால் 160 சுற்று. 2019-ல் 1,760 டாலர். இன்று 2,880. இடையிலுள்ள 1,120 டாலர் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. அவர்கள் விளையாட்டை விடுவதில்லை. வாரம் நூறை நாற்பதாக்குகிறார்கள். நாற்பதில் ஸ்கோர் 18, 19-இல் நின்றுவிடுகிறது. ஏறாத ஸ்கோரைப் பார்த்துச் சலித்து அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வருவதில்லை. எல்லோரும் ஆர்வம் போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்னொரு முனையில் ஓய்வூதியக்காரர்கள். புதன்கிழமை காலைகளில் கிளப்பைத் திறந்து, இயந்திரத்தில் தட்டு அடுக்கி, பிள்ளைகளுக்கு ஸ்கோர் எழுதுபவர்கள் அவர்கள். நான்கு சுற்று சுட்டவர் இரண்டோடு நிறுத்துகிறார். பதிவுப் போட்டிகளுக்கு வெளியூர் போவதை விடுகிறார். அமெரிக்க ட்ராப்பின் பெரிய திருவிழா கிராண்ட் அமெரிக்கன். 1924 முதல் 2005 வரை ஒஹாயோவின் வான்டேலியாவில் நடந்தது. விமான நிலையம் விரிவானதால் 2006-இல் இல்லினாயின் ஸ்பார்ட்டாவுக்கு மாறியது. 120 ட்ராப் களங்கள், மூன்று மைலுக்கு மேல் நீளும் ஒரே வரிசை. வாழ்நாள் முழுக்க வருடம் தவறாமல் போனவர்களே இப்போது தோட்டா, நுழைவுக் கட்டணம், பெட்ரோல், தங்குமிடம் எல்லாம் கூட்டிப் பார்த்துத் தயங்குகிறார்கள். அவர்கள் குறைந்தால் தன்னார்வலர்கள் குறைவார்கள். தன்னார்வலர் போன இடத்தில் கூலிக்கு ஆள் வைத்தால் தட்டுக் கட்டணம் இன்னும் ஏறும்.

பிரிட்டனில் அடி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் புதிய ஷாட்கன் உரிமக் கட்டணம் 79.50 பவுண்டிலிருந்து ஒரே நாளில் 194 பவுண்டானது. அதே ஆண்டு ஜூலையில் ஈய ரவைக்குத் தடை அறிவித்து, மாறிக்கொள்ள மூன்றாண்டு கொடுத்தார்கள். ஈயம் மண்ணுக்கும் பறவைக்கும் செய்யும் கேடு உண்மையானது. அந்த முடிவை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எஃகு ரவை எல்லாப் பழைய துப்பாக்கிகளுக்கும் ஒத்துவராது. மாறும் செலவு மறுபடியும் ஆட்டக்காரர் தலையில்தான். இந்தியாவிலோ இதைப் பொழுதுபோக்காகவே தொடங்குவது கடினம். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணித் தங்கம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியவர். அவருக்குப் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கூட்டமே வர வேண்டும். போட்டித் தரத் தோட்டா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும்வரை, ஆன்டிமனியும் மருந்தும் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த வாசல் இன்னும் குறுகிப்போகும்.

கிளப்கள் கையில் இருப்பவை

சீனாவின் ஏற்றுமதியையும் ராட்ஃபோர்டின் உற்பத்தியையும் ஒரு கிளப்பால் மாற்ற முடியாது. ஆனால் அந்த நாலு டாலர் யார்மேல் விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும்.

கிளப் மண்ணிலேயே கொஞ்சம் பணம் கிடக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சுட்ட ஈயம் தட்டு விழும் வெளியில் மேல்மண்ணில் கிடக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர்கள் வந்து மண்ணைச் சுரண்டி, சலித்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் பங்கு கொடுப்பார்கள். மண்ணுக்கும் நல்லது. அந்தப் பணம் வழக்கமாகக் கட்டடக் கூரைக்கோ புதிய இயந்திரத்துக்கோ போய்விடும். அதைப் பிள்ளைகளின் தோட்டாவுக்கு ஒதுக்க வேண்டும் என்று எங்கள் கிளப் கூட்டத்தில் வாதாடியவர்களில் நானும் ஒருவன். கூரை ஒழுகினால் வாளி வைக்கலாம். பதினைந்து வயதில் விட்டுப்போன பிள்ளை முப்பது வயதில் திரும்பி வருவது அரிது.

மொத்தமாக வாங்குவது இன்னொரு வழி. ஆளாளுக்குக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்குவதற்குப் பதில், உறுப்பினர்கள் குளிர்காலத்திலேயே முன்பணம் போட்டு மரப்பலகை அடுக்காக நேரே விநியோகஸ்தரிடம் இறக்கினால் பெட்டிக்கு ஒரு டாலர் அளவில் குறைகிறது. அடுக்கு முழுக்க 24 கிராமாக வாங்கினால் இன்னும் கொஞ்சம். பயிற்சியாளர்களும் தோட்டா இல்லாத பயிற்சிக்குப் பழக வேண்டும். குழல் முனையில் சின்ன டார்ச் செருகி, சுவர் மூலையின் கோட்டைப் பின்தொடர்ந்து துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கும் பயிற்சிக்குக் காசு கிடையாது. தினமும் கால் மணி நேரம் செய்த பிள்ளைக்கும் செய்யாத பிள்ளைக்கும் ஒரு பருவத்துக்குள் வித்தியாசம் தெரிகிறது. தோட்டாவுக்கு அது ஈடாகாது. ஆனால் நாற்பது தட்டு மட்டுமே கிடைக்கும் வாரத்தில் அந்த நாற்பதும் வீணாகாமல் இருக்க அது உதவும்.

எங்கள் கிளப்பில் இந்த வசந்தத்திலிருந்து பள்ளி அணிக்குச் சுற்றின் விலை தோட்டாவோடு சேர்த்து 12 டாலர். பெரியவர்களுக்கு 19. அந்த ஒரு டாலர் கூடுதலைக் கேட்டு முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், யாரும் விலகிப்போகவில்லை. 2026 நவம்பருக்குப் பிறகு ஆன்டிமனி என்ன ஆகும் என்பதைப் பொறுத்து இலையுதிர் காலத்துக்கு முன்பே அடுத்த அடுக்குக்கு முன்பணம் கட்டுவதா என்று அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப்போகிறோம். கட்டிவிட வேண்டும் என்பது என் வாக்கு.